கட்டிக்குள் எவ்வளவு ஆக்சிஜன்? ஃப்ரீ ராடிக்கல் படமெடுப்பின் மருத்துவப் பயன்கள்

மதுரை கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையைச் சுற்றுவட்டார மக்கள் பெரியாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். வாய்ப்புற்று, கருப்பைவாய்ப் புற்று என்று தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களில் பலருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எழுதிக்கொடுக்கப்படுகிறது. ஊர்ப் பேச்சில் அது 'கரண்டு வைப்பது'. எத்தனை நாள், எவ்வளவு அளவு, எந்தக் கோணம் என்பதெல்லாம் நுணுக்கமாகக் கணக்கிடப்படுகிறது. சிகிச்சையின் பலனைப் பெரிதும் தீர்மானிக்கும் இன்னொரு அளவு மட்டும் எந்த நோயாளியின் தாளிலும் இருப்பதில்லை. கட்டிக்குள் எந்தப் பகுதியில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதுதான் அது.

இந்த அளவின் முக்கியத்துவம் புதிதாகத் தெரியவந்ததல்ல. ஆக்சிஜன் குறைந்த செல்களைக் கதிர்வீச்சால் கொல்ல, ஆக்சிஜன் நிறைந்த செல்களுக்குத் தேவைப்படுவதைப்போல 2.5 முதல் 3 மடங்கு அளவு தேவைப்படுகிறது. பிரிட்டனின் எல்.எச். கிரேயும் அவருடைய குழுவினரும் 1953-இல் இதைக் கதிர்வீச்சு மருத்துவத்தின் மையக் கேள்வியாக முன்வைத்தார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஃப்ரீ ராடிக்கல்கள். கதிர், செல்லிலுள்ள நீரைத் தாக்கி ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்குகிறது, அது டி.என்.ஏ.வைத் தாக்கி, டி.என்.ஏ.வையே ஒரு ராடிக்கலாக்குகிறது. அருகில் ஆக்சிஜன் இருந்தால் அது அங்கே ஒட்டிக்கொண்டு சேதத்தை நிரந்தரமாக்கிவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் குளுட்டாதயோன் போன்ற கந்தகச் சேர்மங்கள் முந்திக்கொண்டு அந்தச் சேதத்தைச் சரிசெய்துவிடும். புற்றுச் செல் தப்பிப் பிழைத்து, சில மாதங்களில் கட்டி மீண்டும் தலைதூக்கும்.

உயிருள்ள திசுவில் ஃப்ரீ ராடிக்கல்களைப் படமெடுக்கும் ஆய்வு இந்த இடத்தில்தான் மருத்துவத்தைச் சந்திக்கிறது. அந்த ஆய்வு எங்கே தொடங்கியது, எதைக் காட்டுகிறது, மனிதரிடம் எதுவரை வந்திருக்கிறது, ஏன் மேலே நகரவில்லை என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. இதில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு.

எதைப் பார்க்க முடியும், எதை முடியாது

ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒன்றைக் கொண்ட அணுவோ மூலக்கூறோதான் ஃப்ரீ ராடிக்கல். அந்த எலெக்ட்ரான் ஒரு நுண்காந்தம். காந்தப்புலத்தில் வைத்துச் சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் அது ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். கசான் நகரில் எவ்கெனி சவோய்ஸ்கி 1944-இல் கண்டறிந்த இந்த நிகழ்வே எலெக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக இ.பி.ஆர். பத்தாண்டுகளுக்குள், 1954-இல், பேரி காமனரும் உடன் ஆய்ந்தவர்களும் உலரவைத்த உயிர்த் திசுக்களில் ராடிக்கல்கள் இருப்பதை இதே முறையில் காட்டினார்கள்.

உலர்ந்த திசுவிலிருந்து உயிருள்ள உடலுக்குப் போகும்போது முதல் சிக்கல் எழுகிறது. நோயோடு நாம் தொடர்புபடுத்தும் ராடிக்கல்கள் நிலைப்பதில்லை. ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் நானோ நொடிக் கணக்கில் அடங்கிவிடும். சூப்பராக்சைடு அதைவிட நீண்ட நேரம் வாழும்; ஆனால் 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்த டிஸ்மியூட்டேஸ் நொதி அதை உடனுக்குடன் அழித்துவிடுகிறது. எந்தக் கணத்தில் பார்த்தாலும் திசுவில் இவற்றின் செறிவு மிகமிகக் குறைவு. இவற்றை நேரடியாகப் படம்பிடிக்கும் கருவி இன்றுவரை எந்த மருத்துவமனையிலும் இல்லை.

ஆகவே இத்துறையின் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் நடப்பது வேறு: நீண்ட ஆயுள் கொண்ட, தீங்கு குறைந்த ஒரு ராடிக்கலை வெளியிலிருந்து உடலுக்குள் அனுப்பி, அது திசுவில் படும் பாட்டைக் கவனிக்கிறார்கள். அதன் சமிக்ஞை அகலமானால் அங்கே ஆக்சிஜன் அதிகம். சமிக்ஞை வேகமாக மறைந்தால், ராடிக்கலை ஒடுக்கும் வேதிச்சூழல் அங்கே வலுவாக இருக்கிறது. முதலாவது ஆக்சிஜன் அளவீடு. இரண்டாவது, ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நிலையின் அளவீடு. இத்துறையின் மருத்துவப் பயன்களில் பெரும்பகுதி இவ்விரண்டுக்குள் அடங்கிவிடும்.

கருவியும் தூதுவர்களும்

வேதியியல் ஆய்வகங்களிலுள்ள வழக்கமான இ.பி.ஆர். கருவி சுமார் 9.5 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்கும். உயிர்த் திசுவில் நிறைந்திருக்கும் நீர் அந்த அலைகளை விழுங்கிவிடும். மில்லிமீட்டர் ஆழம்கூடக் காண்பது கடினம். எனவே அதிர்வெண்ணைக் குறைத்தார்கள். 1.2 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம்வரை பார்க்கலாம். 300 மெகாஹெர்ட்ஸில் எலி போன்ற சிறு விலங்கின் முழு உடலையும் பார்க்கலாம். அதிர்வெண் குறையக் குறையச் சமிக்ஞையும் மெலியும். இந்த இழுபறிதான் இத்துறையின் பொறியியல் வரலாறு.

மருத்துவமனை எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்டால் இரண்டு வேறுபாடுகள் முக்கியமானவை. எம்.ஆர்.ஐ. நீரிலுள்ள புரோட்டான்களைப் பார்க்கிறது. எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் புரோட்டானுடையதைப்போல 658 மடங்கு. அதனால் 300 மெகாஹெர்ட்ஸ் இ.பி.ஆருக்கு ஏறத்தாழ 10 மில்லிடெஸ்லா புலமே போதும். 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. காந்தத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீகடத்திக் காந்தமும் வேண்டாம், திரவ ஹீலியமும் வேண்டாம். மறுபுறம், எம்.ஆர்.ஐ. சமிக்ஞை மில்லி நொடிகளுக்கும் அதற்கு மேலும் நீடிக்கிறது. ராடிக்கலின் சமிக்ஞையோ மைக்ரோ நொடிகளில் அணைந்துவிடும். கருவியின் மின்னணுப் பகுதி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

வெளியிலிருந்து உடலுக்குள் அனுப்பும் இந்த ராடிக்கல் தூதுவர்களில் இரண்டு குடும்பங்கள் உள்ளன. நைட்ராக்சைடுகள் சிறியவை, பெரும்பாலும் செல்லுக்குள் புகக்கூடியவை, வைட்டமின் சி போன்றவற்றால் ஒடுக்கப்பட்டுச் சமிக்ஞையை இழப்பவை. 1985-இல் பெர்லினரும் ஃபுஜீயும் நைட்ராக்சைடைக் கொண்டு உயிரியல் மாதிரிகளை இ.பி.ஆரில் படமெடுத்துக் காட்டினர். இன்னொன்று ட்ரைட்டைல் குடும்பம். மோசஸ் கோம்பர்க் 1900-இல் மிச்சிகனில் கண்டறிந்த ட்ரைஃபெனில்மெத்தில்தான் அறியப்பட்ட முதல் கரிம ராடிக்கல். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பின், சுவீடனின் மால்மோவில் நைகோமெட் நிறுவன ஆய்வாளர்கள் அந்த அடிப்படை அமைப்பில் கந்தகம் கொண்ட வளையங்களைச் சேர்த்து, நீரில் கரையக்கூடிய, உடலில் நிலைக்கக்கூடிய ட்ரைட்டைல்களை உருவாக்கினர். அவற்றின் சமிக்ஞை ஒரே ஒரு மெல்லிய கோடு. ஆக்சிஜன் கூடும்போது அந்தக் கோடு சீராக அகலமாகிறது. ஆக்சிஜனை அளக்க இதைவிடப் பொருத்தமான மூலக்கூறு அதுவரை இருந்ததில்லை.

ஆக்சிஜன் வரைபடம்

ட்ரைட்டைலை உயிருள்ள எலியின் உடலில் துடிப்பு முறை இ.பி.ஆர். மூலம் படமெடுத்த முன்னோடி ஆய்வு 1997-இல் பெதெஸ்டாவிலுள்ள அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் மதுரை காமராசர் பல்கலைக்கழக வேதியியல் புலத்தைச் சேர்ந்த ஆர். முருகேசன். சென்னை ஐஐடியில் வேதியியல் பேராசிரியராக இருந்த சங்கரன் சுப்ரமணியன், நல்லதம்பி தேவசகாயம், குழுத் தலைவர் முரளி கிருஷ்ண செருக்கூரி, கதிர் உயிரியல் பிரிவின் ஜேம்ஸ் மிட்செல் ஆகியோர் உடன் பணியாற்றினர். உலோகச் சேர்மங்களின் இ.பி.ஆர். நிரல்களை அலசிப் பழகியிருந்த தமிழக வேதியியலாளர்கள், அந்தப் பயிற்சியைப் புற்றுக்கட்டியின் பக்கம் திருப்பிய காலம் அது.

இ.பி.ஆர். படத்தில் ராடிக்கல் இருக்கும் இடம் தெரியும். எலும்பும் தசையும் தெரியா. இந்தக் குறைக்கு மருந்தானது ஆல்பர்ட் ஓவர்ஹாசர் 1953-இல் முன்கணித்த விளைவு. ராடிக்கலின் எலெக்ட்ரானை ரேடியோ அலையால் தூண்டினால், பக்கத்திலுள்ள நீர்ப் புரோட்டான்களின் சமிக்ஞை பெருகும். நீர்க்கரைசலில் இதன் கோட்பாட்டு எல்லை சுமார் 330 மடங்கு. அபர்டீனில் டேவிட் லூரி 1988-இல் இதை எம்.ஆர்.ஐ. படமெடுப்பாக மாற்றினார். 2002-இல் செருக்கூரி குழு, சுப்ரமணியனும் முருகேசனும் உடனிருக்க, எலியின் கட்டியில் உடற்கூற்றையும் ஆக்சிஜன் அளவையும் ஒரே படத்தில் பொருத்திக் காட்டியது.

பின்னர் வந்த ஆய்வுகள் மூன்று செய்திகளைச் சொல்லின. முதலாவது, கட்டிக்குள் ஆக்சிஜன் பற்றாக்குறை ஒரே நிலையில் நிற்பதில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு படம் எடுத்தபோது, சில பகுதிகளில் ஆக்சிஜன் ஏறி இறங்குவது தெரிந்தது. ஒருமுறை ஊசி குத்தி அளந்த எண்ணைக் கொண்டு முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2010-இல் வெளியான இந்தப் படங்கள் உணர்த்தின.

இரண்டாவது, மருந்து கொடுக்கும் நேரத்தைப் பற்றியது. புதிய ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் சுனிட்டினிப் மருந்து ஆக்சிஜனைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. 2011-இல் எலிகளில் எடுத்த படங்களில், மருந்து தொடங்கிய சில நாட்களுக்குக் கட்டியின் ஆக்சிஜன் கூடியது. கதிர்வீச்சு கொடுக்க ஏற்ற இடைவெளி அதுதான். அந்த இடைவெளி கட்டிக்குக் கட்டி மாறலாம் என்பதால் பார்த்துத்தான் அறிய முடியும்.

மூன்றாவது, கதிரை எங்கே செலுத்துவது என்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஹால்பர்ன் குழு, 10 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே ஆக்சிஜன் உள்ள பகுதிகளை இ.பி.ஆர். படத்தில் அடையாளம் கண்டு, அங்கே மட்டும் கூடுதல் கதிரைச் செலுத்தியது. ஒப்பீட்டுக்காக வேறு எலிகளில், ஆக்சிஜன் நிறைந்த பகுதிக்கு அந்தக் கூடுதல் கதிரைக் கொடுத்தார்கள். 2019-இல் வெளியான முடிவில் முதல் பிரிவு எலிகளில் கட்டி கட்டுப்பட்டது கூடுதலாக இருந்தது. ஆக்சிஜன் வரைபடம் சிகிச்சையின் முடிவையே மாற்ற வல்லது என்பதற்கு உயிருள்ள பாலூட்டியில் கிடைத்த வலுவான சான்று இது.

மறையும் சமிக்ஞை

நைட்ராக்சைடு ஒடுக்கப்பட்டு மறையும் வேகமே அதன் செய்தி. 2002-இல் பெரியண்ணன் குப்புசாமியும் குழுவினரும், எலியின் கட்டி பக்கத்துத் திசுவைவிட வேகமாக நைட்ராக்சைடை ஒடுக்குகிறது என்றும், குளுட்டாதயோனைக் குறைத்தால் அந்த வேகம் தணிகிறது என்றும் படம்பிடித்துக் காட்டினர். குளுட்டாதயோன் மிகுந்த கட்டி கதிரையும் சில மருந்துகளையும் எளிதில் தாங்கும் என்பதால் சிகிச்சைக்கு இது பயன்படும் தகவல்.

ஜப்பானின் ஃபுகுவோகாவில் கியூஷூ பல்கலைக்கழகத்தின் ஹிடியோ உட்சுமி குழு, 2006-இல் நைட்ரஜன்-14, நைட்ரஜன்-15 ஆகியவற்றால் குறியிட்ட இரு நைட்ராக்சைடுகளை ஒரே நேரத்தில் ஓவர்ஹாசர் எம்.ஆர்.ஐ.யில் தனித்தனியே படமெடுத்தது. ஒன்று செல் சவ்வைக் கடக்கும், மற்றது கடக்காது. ஆக, உள்ளேயும் வெளியேயும் நடப்பதைப் பிரித்தறியலாம். எந்த நைட்ராக்சைடு எவ்வளவு பெருக்கத்தைத் தரும், எவ்வளவு செறிவில் கொடுப்பது நல்லது என்ற அடிப்படை அளவீடுகளை உட்சுமியோடும் முருகேசனோடும் சேர்ந்து செய்தவர்களில் ஒருவர் ஏ. மில்டன் பிராங்க்ளின் பெனியல். பின்னர் மதுரை நாகமலையிலுள்ள வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியின் இயற்பியல் துறையிலிருந்தும் அவர் இவ்வாய்வைத் தொடர்ந்தார். டியூட்டீரியம் ஏற்றிய நைட்ராக்சைடுகளின் கோடுகள் மெலிந்து சமிக்ஞை வலுப்பது போன்ற முடிவுகள் செய்தித்தாளில் வருபவையல்ல. ஆனால் அவை இல்லாமல் எந்தப் படத்தின் எண்ணையும் நம்ப முடியாது.

நைட்ராக்சைடுகளில் டெம்பால் என்ற ஒன்று மருந்தாகவும் பார்க்கப்படுகிறது. அது நல்ல திசுவைக் கதிரிலிருந்து காக்கிறது. கட்டியோ அதை விரைவில் ஒடுக்கிச் செயலிழக்கச் செய்துவிடுவதால் கட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. 2007-இல் எலிகளில் உமிழ்நீர்ச் சுரப்பியைக் காக்கும் அதன் திறன் காட்டப்பட்டது. சாதாரண எம்.ஆர்.ஐ.யிலேயே டெம்பால் ஒளிமிகு பொருளாகத் தெரியும் என்பதால் அதன் வரத்தும் மறைவும் எம்.ஆர்.ஐ.யிலேயே கண்காணிக்கப்பட்டன. மூளைக்குக் கதிர் பெறுவோரின் முடி உதிர்வைத் தடுக்கத் தலையில் பூசிப் பார்த்த முதற்கட்ட மனித ஆய்வு 2004-இல் வெளியானது. கதிர்வீச்சுக்குப் பின் வாய் வறண்டு, சோற்றைத் தண்ணீர் ஊற்றி விழுங்கும் வாய்ப்புற்று நோயாளிகள் மிகுந்த நம் ஊருக்கு, இந்தக் கிளை மற்றவற்றைவிட நெருக்கமானது.

இதயம், தோல், பல்

புற்றுக்கு வெளியே முதலில் கவனம் பெற்றது மாரடைப்பு. அடைபட்ட ரத்தம் மீண்டும் பாயும் தருணத்தில் ராடிக்கல்கள் வெடித்துக் கிளம்புவதை ஜே ஸ்வையரும் குழுவினரும் 1987-இல் இ.பி.ஆரில் அளந்தனர். 1994-இல் குப்புசாமியும் ஸ்வையரும் உடலுக்கு வெளியே இயங்கவைத்த எலி இதயத்தில் ராடிக்கலின் முப்பரிமாணப் படத்தைத் தந்தனர். துடித்துக்கொண்டே இருக்கும் மனித இதயத்துக்கு இம்முறை இன்னும் வரவில்லை.

உடலிலேயே உருவாகி நிலைக்கும் ராடிக்கல்களும் சில உண்டு. மெலனின் அவற்றில் ஒன்று. மெலனோமா என்னும் தோல் புற்றைத் தூதுவர் ஏதுமின்றியே இ.பி.ஆரில் படமெடுக்க பெல்ஜியத்தின் லூவேன் ஆய்வாளர்கள் முயன்றுள்ளனர். இன்னொன்று பல் எனாமலில் இருப்பது. கதிர் பட்டதும் அதில் உருவாகும் கார்பனேட் ராடிக்கல்கள் ஆண்டுக்கணக்கில் அழியாமல் இருக்கின்றன. அணு விபத்து நேர்ந்தால் யாருக்கு எவ்வளவு கதிர் பட்டது என்பதைப் பல்லைப் பிடுங்காமல் வாயிலேயே அளக்கும் கருவியை அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் ஹெரால்ட் ஸ்வார்ட்ஸ் குழு உருவாக்கியது.

மனிதரை எட்டியவை

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி எலியோடு நிற்கிறது. மனிதரிடம் வந்தது படத்தைவிட எளிய வடிவம்: ஒரு புள்ளியில் ஆக்சிஜன் அளவீடு. கார்பன் துகள்கள் கொண்ட கறுப்பு மையைத் தோலடியில் பச்சை குத்துவதுபோல் செலுத்தி, அந்த இடத்தின் ஆக்சிஜனை மேலே வைத்த சிறு சுருளால் அளக்கலாம் என்று ஸ்வார்ட்ஸ் குழு காட்டியது. ஒருமுறை செலுத்தினால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அதே இடத்தை மீண்டும் மீண்டும் அளக்கலாம். காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

சென்னை ஐஐடியில் பி.டி. மனோகரனின் குழுவில் இ.பி.ஆர். பயின்ற குப்புசாமி, டார்ட்மவுத்தில் இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனார். லித்தியம் சேர்ந்த நாஃப்தலோசயனின் படிகங்களை, ஆக்சிஜன் புகக்கூடிய சிலிக்கோன் ரப்பரில் பொதிந்து உருவாக்கிய 'ஆக்சிசிப்' புற்று நோயாளிகளின் கட்டிக்குள் வைக்கப்பட்டது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும், நோயாளி கூடுதல் ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போதும் அளவீடு எடுக்கப்பட்டது. முதல் மனித ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. துகள் உடலோடு கலப்பதில்லை; தேவையானால் கட்டியோடு சேர்த்து வெளியே எடுத்துவிடலாம்.

ட்ரைட்டைல் மருத்துவத்துக்குள் நுழைந்தது எதிர்பாராத வழியில். மால்மோ குழுவினரே 2003-இல், மிகக் குளிர்ந்த நிலையில் ட்ரைட்டைலின் எலெக்ட்ரான் துருவநிலையைக் கார்பன்-13 அணுக்கருக்களுக்கு மாற்றி, சமிக்ஞையை 10,000 மடங்குக்கு மேல் பெருக்கினர். அப்படித் தயாரித்த பைருவேட்டை நரம்பில் செலுத்திப் புராஸ்டேட் கட்டியின் வளர்சிதை மாற்றத்தைப் பார்த்த முதல் மனித ஆய்வு 2013-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியானது. ஊசி போடுமுன் ட்ரைட்டைல் வடிகட்டி நீக்கப்படுகிறது. ராடிக்கலின் வேலை நோயாளிக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

எங்கே நிற்கிறது, ஏன்

முதல் தடை மருந்துதான். நோயாளியின் நரம்பில் செலுத்த ஒப்புதல் பெற்று விற்பனைக்கு வந்த ட்ரைட்டைல் எதுவும் இல்லை. எலியில் நச்சுத்தன்மை குறைவு என்பது மட்டும் போதாது. மனித எடைக்குத் தேவைப்படும் அளவை மருந்துத் தரத்தில் தயாரிக்கும் செலவை யார் ஏற்பது? இரண்டாவது ஆழம். மனித இடுப்பின் நடுவிலுள்ள கருப்பைவாயை எட்ட அதிர்வெண்ணை இன்னும் குறைக்க வேண்டும். சமிக்ஞை இன்னும் மெலியும். ஓவர்ஹாசர் முறையில் எலெக்ட்ரானைத் தூண்டச் செலுத்தும் ரேடியோ ஆற்றல் திசுவைச் சூடாக்கும் என்பது மூன்றாவது.

போட்டி முறைகளும் இருக்கின்றன. ஃபுளோரின் குறியிட்ட மிசோனிடசோலைக் கொண்ட பெட் ஸ்கேன், ஆக்சிஜன் குறைந்த பகுதியைக் காட்டுகிறது, ஆனால் மி.மீ. பாதரசக் கணக்கில் அளவைச் சொல்வதில்லை. ஹீமோகுளோபினை வைத்துப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. முறை ரத்தக்குழாயின் நிலையைச் சொல்கிறது, திசுவின் நிலையை அல்ல. ஜெர்மனியில் ஹோக்கலும் வாவ்பலும் 1990-களில் கருப்பைவாய்க் கட்டிகளில் ஊசி மின்வாயைச் செலுத்தி அளந்து, 10 மி.மீ. பாதரசத்துக்குக் குறைவானவர்களுக்கு முடிவு மோசமாக இருந்ததைக் காட்டினர். முறை நம்பகமானது, ஆனால் ஒவ்வொரு முறையும் குத்த வேண்டும். திசுவின் ஆக்சிஜனை எண்ணாகவும், மீண்டும் மீண்டும் குத்தாமலும் சொல்வதில் இ.பி.ஆருக்கு நிகரான முறை அரிது.

ராடிக்கல்களைத் திசுவில் பார்க்க முடியாததன் விளைவு புற்றுநோய்ச் சிகிச்சையோடு நிற்பதில்லை. ராடிக்கல்களை அழிப்பதாகச் சொல்லி மருந்துக் கடைகளில் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகள் விற்கின்றன. ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்போரிடம் நடந்த பெரிய சோதனையில், பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது என 1994-இல் தெரியவந்தது. ராடிக்கல் எங்கே தீமை செய்கிறது, எங்கே உடலுக்கு உதவுகிறது என்று திசுவில் பார்க்காமல், தடுப்பது நல்லதுதான் என்று முடிவுகட்டியதன் விலை அது.

மதுரை என்ன செய்யலாம்

கோரிப்பாளையம் போன்ற இடத்தில் ஆக்சிஜன் கேள்வி ஏற்கெனவே வேறு உருவில் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றோடு வரும் பெண்களில் பலர் ரத்தசோகையோடு வருகிறார்கள். கரண்டு வைக்குமுன் ரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினைக் கூட்டுவது வழக்கம். அந்த ரத்தம் கட்டிக்குள் ஆக்சிஜனை உண்மையில் உயர்த்தியதா என்பதை யாரும் அளப்பதில்லை. ஒரு புள்ளி அளவீடே இதற்குப் பதில் சொல்லிவிடும்.

ஆகவே முழு உடல் ராடிக்கல் ஸ்கேனுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே இந்தத் தொகுப்பிலிருந்து நான் எடுக்கும் முடிவு. முதலில் வர வேண்டியது பொதிந்த துகளைக் கொண்டு ஆக்சிஜன் அளக்கும் எளிய கருவி. கன்னம், நாக்கு, கழுத்து நிணநீர்க்கட்டி என மேலோட்டமான கட்டிகளும் இங்கே பல என்பதால், அவற்றில் ஆழத்தின் தடை பெரிதாகக் குறுக்கிடாது, காந்தமும் மலிவு. இரண்டாவது, இருக்கும் எம்.ஆர்.ஐ.யிலேயே நைட்ராக்சைடைப் பின்தொடரும் ஆய்வு. வாய்ப்புற்றில் உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பதே அதன் முதல் இலக்காகலாம். ட்ரைட்டைல் வரைபடம் மூன்றாவதாக வரட்டும். மருந்துத் தரத்தில் தயாரிப்பு கிடைக்கும்வரை அது எலியோடுதான் நிற்கும்.

இயற்பியலும் வேதியியலும் கற்றவர்கள் தேனிச் சாலையோரம் காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்திருக்கிறார்கள். நோயாளிகள் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கோரிப்பாளையத்தில் இருக்கிறார்கள். இங்கிருந்து போன அறிவு பெதெஸ்டாவிலும் ஃபுகுவோகாவிலும் எலிகளுக்குப் பயன்பட்டது. இரண்டு வளாகங்களையும் இணைக்கும் ஒரு மருத்துவ இயற்பியல் திட்டமும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு தொடங்கும் ஒரு சிறு நோயாளி ஆய்வும்தான் இப்போது தேவை. பெருங்கருவி வாங்கும் செலவில் சிறு பங்கிலேயே அதைத் தொடங்கிவிடலாம்.